ராக்ஸிக்குப் போன கதை

புரசைவாக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ராக்ஸி என்பது திரையரங்கின் பெயர் என்பதைவிட ஓர் இடத்தின் பெயராகத்தான் முதலில் அறிமுகமாகும். எங்கள் வீட்டில் எந்த வழியைச் சொன்னாலும் அதில் ராக்ஸி வந்துவிடும். ராக்ஸிக்கு முன்னால், ராக்ஸியைத் தாண்டி, ராக்ஸிக்கு எதிர்ச்சாரி. படம் பார்க்கும் வயது வருவதற்கு முன்பே அந்தப் பெயர் எனக்குள் ஊறிவிட்டது. அதற்கு என்ன பொருள் என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். கங்காதீசுவரர் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பாட்டி சற்றும் யோசிக்காமல், "ரட்சிக்கிறவ, அதான் ராக்ஸி" என்றார். அம்மன் பெயரைத்தான் வெள்ளைக்காரன் இப்படி உச்சரித்திருக்கிறான் என்பது அவருடைய முடிவு. வெகுநாள் வரைக்கும் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

பாட்டியின் தலைமுறையில் சிலர் அதை 'குளோபு' என்றும் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. மச்சிலிப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்து புகைப்பட நிலையம் நடத்திய ரகுபதி வெங்கையா, 1914இல் மவுண்ட் ரோட்டுப் பக்கம் கெயிட்டியைக் கட்டினார். பிறகு மின்ட் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று வரிசையாக எழுப்பினார். அந்தக் குளோப்தான் பின்னாளில் ராக்ஸி ஆனது. கெயிட்டி என்றால் களிப்பு, கிரவுன் என்றால் மகுடம், குளோப் என்றால் பூகோளம். பூகோளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்த சொல்லுக்கு மட்டும் எந்த அகராதியிலும் பொருள் இல்லை. கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, பாட்டி சொன்னதே சரியாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

வெளியூர்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு குழப்பம் இன்னும் கூடியது. கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு ராக்ஸி. சிங்கப்பூரில் காத்தோங் பக்கம் ஒரு ராக்ஸி இருந்திருக்கிறது. அரங்கம் போய், அங்கே எழுந்த வணிக வளாகத்துக்கு ராக்ஸி ஸ்கொயர் என்றே பெயர். கல்கத்தாவில் ஒரு ராக்ஸி. 1943இல் வெளியான 'கிஸ்மத்' மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிச் சாதனை படைத்தது அங்கேதான். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத முதலாளிகள் கடல்கடந்து, பொருளற்ற ஒரே சொல்லைத் தங்கள் கட்டடத்தின் நெற்றியில் எழுதியிருக்கிறார்கள். இதற்கு ஒரு மூலம் இருந்தாக வேண்டும். அது நியூயார்க்கில், ஏழாம் அவென்யூவும் 50ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் 1927 முதல் 1960 வரை இருந்த ராக்ஸி தியேட்டர் என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

வேலை என்னை நியூஜெர்சியில் கொண்டுவந்து போட்ட முதல் ஆண்டிலேயே அந்த மூலையைப் பார்க்கப் போனேன். நவம்பர் மாதத்து மாலை. பென் ஸ்டேஷனில் இறங்கி, ஏழாம் அவென்யூவிலேயே வடக்கு நோக்கிப் பதினாறு தெருக்களைக் கடந்தேன். இடிந்துபோன அரங்கங்களின் இடத்தில் என்ன இருக்கும் என்பது சென்னைக்காரனுக்குப் பழக்கம்தான்: துணிக்கடை, அடுக்குமாடி, அல்லது தகரம் அடித்து மறைத்த காலிமனை. அப்படி ஏதோ ஒன்றை எதிர்பார்த்துப் போனவனுக்கு எதிரே, 1920களின் களை மாறாத ஒரு செங்கல் ஹோட்டல் கட்டடம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தொடக்கத்தில் மேஞ்சர் ஹோட்டல், பிறகு டாஃப்ட் ஹோட்டல் என்று பெயர் மாறிய அந்தக் கட்டடம் ராக்ஸியோடு சேர்ந்து எழுந்தது என்பதைப் படித்திருந்தேன். பழைய படங்களில் ராக்ஸி என்ற பெயர்ப்பலகை தொங்குவதும், மக்கள் கூட்டம் அலைமோதுவதும் இதே மூலையில்தான். அந்த மூலை இருக்கிறது, அந்தச் செங்கல் இருக்கிறது, ஜன்னல்கள் இருக்கின்றன. அரங்கம் மட்டும் இல்லை. ஒரு திரையரங்கம் இடிக்கப்பட்ட பிறகு அதன் வாசல் இருந்த கட்டடம் எப்படி மிச்சமிருக்க முடியும் என்ற கேள்வியோடு அன்று ஊர் திரும்பினேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பட்டப்பெயர்

ராக்ஸி என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர். சாமுவேல் ரோதாஃபெல் 1882இல் மினசோட்டா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறிய செருப்புத் தொழிலாளி. கடற்படைக் காலாட்படையில் சில காலம் இருந்துவிட்டு, பென்சில்வேனியாவின் சுரங்க ஊரான ஃபாரஸ்ட் சிட்டிக்கு வந்து சேர்ந்து, 1908இல் ஒரு மதுக்கடையின் பின்கட்டில் படம் காட்டத் தொடங்கினார். உட்காரும் நாற்காலிகளைச் சவ அடக்கம் செய்பவரிடமிருந்து வாடகைக்கு எடுத்தார் என்றும், ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்குக் காட்சி கிடையாது என்றும் ஒரு கதை உண்டு. நம் ஊர் டூரிங் டாக்கீஸ்காரர்கள் கேட்டால் சிரித்துவிட்டு, இதைவிட நல்ல கதை நான்கு சொல்வார்கள்.

அங்கிருந்து நியூயார்க்குக்கு வந்தவர் ரீஜன்ட், ஸ்ட்ராண்ட், ரியால்டோ, ரிவோலி, கேப்பிட்டல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றார். படத்தைவிடப் படம் காட்டும் விதத்துக்கு மக்கள் காசு கொடுப்பார்கள் என்பது அவருடைய திட்டவட்டமான எண்ணம். இசைக்குழு, மேடை நடனம், விளக்கு, திரைச்சீலை, சீருடை அணிந்த பணியாளர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் காட்சி. அதில் படம் ஒரு பகுதி. 1922இலிருந்து கேப்பிட்டல் அரங்கத்திலிருந்து வானொலியிலும் பேசத் தொடங்கினார். அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்காதவர்களுக்கும் ராக்ஸி என்ற குரல் வீட்டு மனிதரின் குரலாகிவிட்டது. ஆகவே, ஹெர்பர்ட் லூபின் என்ற படத் தயாரிப்பாளர் உலகிலேயே பெரிய திரையரங்கைக் கட்டத் திட்டமிட்டபோது, பெரிய சம்பளமும் லாபத்தில் பங்கும் போதாதென்று அரங்கத்துக்கு அவருடைய பட்டப்பெயரையே வைப்பதாகச் சொல்லி ராக்ஸியை இழுத்துக்கொண்டார். செங்கல் ஒன்றைக்கூட வைப்பதற்கு முன் அந்த அரங்கத்திடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்.

குறுக்கே போட்ட கூடம்

இனி கட்டடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கட்டடக் கலைஞர் சிகாகோவைச் சேர்ந்த வால்டர் ஆல்ஷ்லாகர். அவரிடம் கொடுக்கப்பட்ட மனை ஒழுங்கற்றது. ஏழாம் அவென்யூவைப் பார்த்த முகப்பு முழுவதும் ஹோட்டலுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது; அரங்கத்துக்குக் கிடைத்தது அதன் முதுகுப்புறம். அந்த நிலத்தில் ஏறக்குறைய ஆறாயிரம் இருக்கைகள் வேண்டும் என்றார்கள். நேராக ஒரு கூடத்தைப் போட்டால் அத்தனை பேரை அடைக்க முடியாது. ஆல்ஷ்லாகர் கூடத்தை மனையின் குறுக்கே, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போட்டார். மேடை ஒரு மூலைக்குள் ஒடுங்கியது; இருக்கைகள் அங்கிருந்து விசிறிபோல் விரிந்து மற்ற மூன்று பக்கங்களையும் நிரப்பின.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மளிகைக்கடை ரசீதின் பின்பக்கத்தில் ஒரு நீள்சதுரம் வரைந்து, பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுப் பார்த்தேன். நீள்சதுரத்தின் எந்தப் பக்கத்தைவிடவும் அந்தக் குறுக்குக்கோடு நீளம். நான்காம் வகுப்புக் கணக்குதான்; ஆனால் ஒரு கட்டடமே அதன்மேல் நிற்கிறது. கோட்டின் ஒரு முனையில் மேடையை வரைந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. மூலைக்குள் போகப் போக இடம் குறுகும். மேடை அகலமாக இருக்கலாம், ஆழமாக இருக்க முடியாது. பக்கவாட்டில் நடிகர்கள் காத்து நிற்கவும் காட்சித் தட்டிகளை இழுத்து நிறுத்தவும் இடம் போதாது. மேடைக் காட்சிக்குப் பேர்போன ஒருவரின் அரங்கத்தில் மேடையைத்தான் முதலில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 5,920 இருக்கைகளுக்கு அது கொடுத்த விலை. இருநூறு பேர் அமரும் இன்றைய மல்டிபிளெக்ஸ் அறைகள் முப்பதை ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு கூட்டமோ, அவ்வளவு கூட்டம் ஒரே கூரையின் கீழ்.

ஆனால் அதே ஆல்ஷ்லாகர் வேறொரு இடத்தில் எடுத்த முடிவை நினைத்தால் எழுந்து நின்று கைதட்டலாம்போல் இருக்கிறது. பெரிய அரங்கங்களில் ஆப்பரேட்டர் ரூம் பால்கனிக்கும் மேலே, கூரையை ஒட்டி இருக்கும். அங்கிருந்து திரைக்கு விழும் ஒளி சரிவாகப் பாயும். சரிவு கூடக் கூடப் படம் மேலே குறுகியும் கீழே அகன்றும் கோணலாக விழும். நம் ஊரில் பெரிய தியேட்டர்களில் படத்தலைப்பு எழுத்துகள் அடியில் அகன்று தெரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ராக்ஸியில் புரொஜெக்டர் அறையைப் பால்கனியின் முன்விளிம்புக்குள் குடைந்து வைத்தார்கள். ஒளி ஏறக்குறைய நேராகத் திரைக்குப் போனது; தூரமும் குறைந்தது. அந்தக் காலத்தில் திரையில் விழுந்த படங்களில் மிகக் கூர்மையானவற்றுள் ஒன்று என்று ராக்ஸியின் படம் பேர் வாங்கியது. பல ஆயிரம் பேர் அமரும் கூடத்தில் நடுவயிற்றில் இருந்துகொண்டு யார் கண்ணுக்கும் படாமல் வேலை செய்த அந்தச் சின்ன அறைதான் என் கணக்கில் அந்த அரங்கத்தின் மிகச் சிறந்த கட்டடக்கலை.

மக்கள் நினைவில் நின்றது என்னவோ அதுவல்ல. அவர்கள் நினைவில் நின்றது ரோட்டண்டா என்று அழைக்கப்பட்ட வட்டமான முன்கூடம். சுற்றிலும் உயர்ந்த பளிங்குத் தூண்கள், அதற்கென்று தனியாகக் குழலார்கன் என்ற பெரிய இசைக்கருவி, தரையில் நீள்வட்டமான ஒரே கம்பளம். உலகிலேயே பெரிய நீள்வட்டக் கம்பளம் என்று அதை விளம்பரம் செய்தார்கள். கூடத்துக்குள் போனால் ஸ்பானியச் சாயலில் பொன்வண்ணப் பூச்சு, ஹரால்ட் ராம்புஷ் செய்த அலங்காரம். மூவர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்கன், 110 பேர் கொண்ட இசைக்குழு, தனி நடனக்குழு, தனிப் பாடகர் குழு. ராணுவப் பயிற்சி கொடுக்கப்பட்ட பணியாளர்கள் சீருடையில் மடிப்புக் கலையாமல் நிற்பார்கள். 1927இலேயே குளிரூட்டும் இயந்திரங்கள் நிலத்தடியில் ஓடின. 1929இல் நியூயார்க்கர் பத்திரிகையில் ஹெலன் ஹோக்கின்சன் வரைந்த ஒரு கேலிச்சித்திரம்: அந்த முன்கூடத்தில் அண்ணாந்து நிற்கும் குழந்தை ஒன்று தன் தாயிடம், "அம்மா, கடவுள் இங்கேயா இருக்கார்?" என்று கேட்கிறது. எங்கள் பாட்டிக்கு இந்தச் சித்திரத்தைக் காட்டியிருந்தால், "நான் சொல்லல?" என்றிருப்பார்.

சுன்யா

1927 மார்ச் 11 இரவு திறப்புவிழா. துறவி வேடமணிந்த ஒருவர் மேடையில் தோன்றி அரங்கத்தை வாழ்த்தி, ஒளி உண்டாகட்டும் என்று முடித்ததும் விளக்குகள் எரிந்தன. திரையிடப்பட்ட படம் கிளோரியா ஸ்வான்சன் நடித்த 'தி லவ் ஆஃப் சுன்யா'. ஒரு யோகி, பளிங்குக் கோளத்தில் கதாநாயகிக்கு அவளுடைய எதிர்காலத்தைக் காட்டும் கதை. கதாநாயகியின் பெயர்தான் சுன்யா. வடமொழிச் சொல்லின் ஓசை பிடித்துப்போய் வைத்திருப்பார்கள். உலகின் மிகப்பெரிய அரங்கத்தைச் சூனியம் என்ற சொல்லோடு திறக்கிறோமே என்று எடுத்துச் சொல்ல அந்தக் கூட்டத்தில் நம்மவர் ஒருவர்கூட இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. கட்டி முடிக்கச் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் ஆனது. மதிப்பீட்டைவிட 25 லட்சம் டாலர் கூடுதலாகிவிட, திவாலாகும் நிலைக்கு வந்த லூபின், திறப்புவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு தன் பங்கை 50 லட்சம் டாலருக்கு வில்லியம் ஃபாக்ஸிடம் விற்றுவிட்டு விலகினார். கனவு கண்டவர் திறப்புவிழாவுக்குள்ளேயே முதலாளி என்ற நிலையை இழந்துவிட்டார். 1929இல் பொருளாதாரம் சரிந்தது. சில ஆண்டுகளில் ரோதாஃபெல் தன் ஆட்களையும் நடனக்குழுவையும் அழைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி 50ஆம் தெருவிலேயே எழுந்துகொண்டிருந்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்குப் போய்விட்டார். ராக்ஸியெட்ஸ் என்றிருந்த அந்த நடனக்குழு அங்கே ராக்கெட்ஸ் ஆனது. 1932இல் ராக்ஸி நீதிமன்றப் பொறுப்பாளரின் கைக்குப் போனது. ராக்ஸி இல்லாத ராக்ஸி. 1936இல் அந்த மனிதரும் இறந்தார். பெயர் மட்டும் பலகையில் தொடர்ந்தது.

பிறகும் இருபத்துநான்கு ஆண்டுகள் அரங்கம் ஓடியது. 1948இல் மேடையில் பனிச்சறுக்குத் தளம் போட்டுப் பார்த்தார்கள். 1953இல் சினிமாஸ்கோப் முறையில் வெளியான முதல் படமான 'தி ரோப்' முதன்முதலில் திரையிடப்பட்டது இங்கேதான்; அகன்ற திரைக்கு அந்த அகலமான, ஆழமில்லாத மேடை கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. குடும்பங்கள் புறநகருக்குப் போயின. ஆறாயிரம் நாற்காலிகளில் ஆயிரம் பேர் உட்கார்ந்தால் மற்ற ஐயாயிரமும் வெறித்துப் பார்க்கும். இந்தப் பகுதி எல்லா ஊர்க் கதையும்தான், அதனால் இதில் நிற்க வேண்டியதில்லை.

பீக்கன்

ஏழாம் அவென்யூ மூலையில் எனக்குள் எழுந்த கேள்விக்கு விடை வேறொரு வாசலில் கிடைத்தது.

ராக்ஸி வெற்றிபெறும் என்ற நம்பிக்கையில் அதன் பெயரில் மேலும் சில அரங்கங்களைத் திட்டமிட்டிருந்தார்கள். அவற்றில் கட்டி முடிக்கப்பட்டது ஒன்றுதான்: ராக்ஸி மிட்வே என்று தொடங்கி, 1929 டிசம்பரில் பீக்கன் என்ற பெயரில் திறக்கப்பட்ட அரங்கம். பிராட்வேயும் 74ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இன்றும் இசை நிகழ்ச்சிகள் நடக்கும் கூடமாக அது இருக்கிறது. அதே ஆல்ஷ்லாகர்தான் கட்டினார், அதுவும் ஹோட்டலோடு ஒட்டித்தான். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரிடம் டிக்கெட் உபரியாக இருந்ததால், எனக்குப் பெரிதாகப் பழக்கமில்லாத ஒரு இசைக்குழுவின் கச்சேரிக்குப் போக நேர்ந்தது.

தெருவிலிருந்து பார்த்தால் பீக்கனில் ஒன்றுமில்லை. உயரமான ஹோட்டல் கட்டடம், அதன் அடியில் ஒரு பெயர்ப்பலகை, சில கதவுகள். தெரியாதவர்கள் ஹோட்டலுக்குள் போகிறோம் என்றே நினைத்துக்கொள்வார்கள். கதவைத் தள்ளி உள்ளே போய், டிக்கெட்டைக் காட்டி, நான்கைந்து அடி எடுத்து வைத்தவுடன் கூரை காணாமல் போனது. வட்டமான முன்கூடம். தலைக்கு மேலே தளத்துக்கு மேல் தளமாக உயரம். பின்னாலிருந்தவர் என்மேல் மோதியதும்தான் நான் அண்ணாந்தபடி நின்றுவிட்டேன் என்பது உறைத்தது. தொலைந்துபோன குழந்தையாக நின்றேன் என்று சொல்லலாம். அந்தக் கேலிச்சித்திரக் குழந்தை கேட்ட கேள்வி எவ்வளவு நேர்மையானது என்று அப்போது விளங்கியது. உள்ளே கூடத்தில் மேடையின் இருபுறமும் உயர்ந்த சிலைகள், கூடாரத் துணியை இழுத்துக் கட்டியதுபோல் வண்ணம் தீட்டிய கூரை. இருக்கைகள் ராக்ஸியில் பாதிக்கும் குறைவு. மூலமான ராக்ஸி இதைவிட இரண்டு மடங்கு.

கச்சேரியில் என் மனம் நிற்கவில்லை. இடைவேளையில் வெளியே வந்து எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடம் எங்கே இருக்கிறது என்று தெருவிலிருந்து சொல்ல முடியவில்லை. ஹோட்டல்தான் தெரிகிறது. அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. இந்த வகை அரங்கத்துக்கு வெளிப்புறம் என்பது கிடையாது. அது உள்ளே மட்டுமே இருக்கும் கட்டடம். தெருவை நோக்கிய அவ்வளவு விலையுயர்ந்த முகப்பை ஹோட்டலுக்கு விற்றுவிட்டு, மலிவான உட்புற நிலத்தில் பூதாகரமான உள்ளறையைக் கட்டி, ஒரு சிறிய வாசலால் அதைத் தெருவோடு இணைத்துவிடுவது. ராக்ஸிக்கு 50ஆம் தெருப் பக்கம் நீண்ட சுவர் இருந்தது. ஆனால் மக்கள் அறிந்த முகம் ஹோட்டலின் மூலையில் இருந்த அந்த வாசலும் பெயர்ப்பலகையும்தான். அதனால்தான் அரங்கம் போன பிறகும் தெருவின் தோற்றத்தில் ஒரு பல்கூட விழவில்லை.

நாம் பழகியது இதற்கு நேரெதிரானது. கோபுரம் ஊர் எல்லையிலிருந்தே தெரியும். கருவறை இருட்டாக, நாலுபேர் நிற்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். நம் திரையரங்குகளும் தெரிந்தோ தெரியாமலோ அதையே பின்பற்றின. முகப்புதான் முக்கியம்: போர்டிகோ, அதன்மேல் உயர்ந்த சுவர், ஆளுயரத்தைப்போல் பத்து மடங்கு கட்-அவுட், மாலை, சரவிளக்கு. உள்ளே மின்விசிறி சுற்றினால் போதும். எங்கள் புரசைவாக்கத்து ராக்ஸியை இன்று கண்ணை மூடி நினைத்தால் எனக்கு வருவது தெருவிலிருந்து பார்த்த தோற்றம் மட்டுமே. நியூயார்க் ராக்ஸிக்குள் போனவர்கள் எழுதியவற்றைப் படித்தால் அதில் தெருவே இல்லை, முழுக்க உள்ளேதான். முகமில்லாத அந்தக் கட்டடத்துக்கு வெளியே தெரியும்படி இருந்தது பெயர் ஒன்றுதான். புரசைவாக்கத்துக்கும் காத்தோங்குக்கும் வெள்ளவத்தைக்கும் ரோட்டண்டாவையோ ஆர்கனையோ ஏற்றி அனுப்ப யாராலும் முடியாது. பெயரை எழுத நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு பெயிண்டரும் போதும்.

தலைக்கு மேலே இருந்த வெற்றிடம்

இதைப் புரிந்துகொண்ட பிறகு, ராக்ஸியின் முடிவைப் படிக்கையில் முன்பு வந்த கோபம் வரவில்லை. வேறொன்று வந்தது.

நியூயார்க்கில் 1916ஆம் ஆண்டு விதிப்படி, கட்டடம் உயர உயரப் பின்னோக்கி ஒடுங்கிக்கொண்டே போகவேண்டும். மனையின் கால்பங்குப் பரப்பின்மேல் மட்டும் எவ்வளவு உயரத்துக்கும் நேராக எழுப்பலாம். ஆகவே மனை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பருமனான கோபுரம் கிடைக்கும். 1950களில் ராக்ஸியின் அதே பிளாக்கில், ஆறாம் அவென்யூ பக்கம் ராக்ஃபெல்லர் சென்டர் நிறுவனம் 48 மாடி டைம்-லைஃப் கட்டடத்தைத் திட்டமிட்டது. அது ராக்ஸியையும் வாங்கியது. தாழ்ந்த கூரையுடைய அரங்கத்துக்கு மேலே யாரும் பயன்படுத்தாத ஆகாயம் இருந்தது. அந்த ஆகாயத்தின் உரிமை பக்கத்துக் கோபுரத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டது. இருக்கையை எண்ணிக் குறுக்குக்கோடு போட்ட கணக்கு ராக்ஸியைக் கட்டியது. மனையை எண்ணிக் கூரைக்கு மேலே கோடு போட்ட கணக்கு அதை முடித்தது. இரண்டுமே தப்பில்லாத கணக்குகள்தான். நில விலை உச்சத்தில் உள்ள நகரத்தில் தரையோடு பரந்து கிடக்கும் கட்டடத்துக்கு அதன் தலைக்கு மேலே உள்ள வெற்றிடமே எமன்.

1960 மார்ச் 29 அன்று கடைசிக் காட்சி. படம் 'தி விண்ட் கேனாட் ரீட்' என்ற ஆங்கிலேயப் படம். டர்க் போகார்ட் நடித்தது. கதை நடப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தில்லியிலும் பர்மாவிலும். யோகியில் தொடங்கித் தில்லியில் முடித்துக்கொண்டது ராக்ஸி. 33 ஆண்டுகளும் 18 நாள்களும். அந்தக் கோடையில் இடிக்கத் தொடங்கினார்கள்.

அவ்வாண்டு அக்டோபரில் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் எலியட் எலிசோஃபன், அப்போது 61 வயதான கிளோரியா ஸ்வான்சனை அங்கே அழைத்துவந்தார். திறப்புவிழாப் படத்தின் அதே சுன்யா. இடிபாடுகளுக்கு நடுவே, நீண்ட கறுப்பு உடையில், இறகுத் துகிலோடு, இரு கைகளையும் விரித்து உயர்த்தி நிற்கிறார். பின்னால் பாதி உடைந்த சுவரும் வளைவுகளும் தூண்களும். நான் இந்தப் படத்தைப் பல ஆண்டுகளாக அறிவேன். ஒரு நடிகையின் முதுமையும் ஓர் அரங்கத்தின் அழிவும் என்றுதான் எல்லாரையும்போல் நானும் அதைப் பார்த்துவந்தேன். பீக்கனிலிருந்து வந்த இரவு மறுபடி எடுத்துப் பார்த்தபோது என் கண் போனது வெளிச்சத்தின்மேல். அது பகல் வெளிச்சம். கூரையில்லாத கூடத்துக்குள் வானம் நேராக இறங்கியிருக்கிறது. ஜன்னல் என்பதே இல்லாமல், மின்விளக்கிலேயே பிறந்து வளர்ந்த அந்த உள்ளறைமேல் சூரியன் பட்டது கட்டி முடித்த பிறகு அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும். வளைவுகளின் ஓரத்தில் பொன்பூச்சு உதிர்ந்து வெறும் பிளாஸ்டர் தெரிகிறது.

இந்த வாரம் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது, ராக்ஸி பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். குளோப், வெங்கையா, நியூயார்க், ரோதாஃபெல், பீக்கன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாட்டி சொன்ன ரட்சிக்கிறவ கதையையும் நினைவுபடுத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் குக்கர் இரண்டு விசில் அடித்து அடங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அப்ப நீ அந்த ராக்ஸிக்கே போயிட்டு வந்துட்டியா?" என்றார். போனேன், ஆனால் அது இல்லை என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரி, என்ன படம் ஓடிச்சாம் கடைசியா?" என்று கேட்டார்.